இடங்கையும் இடதுசாரியும்

இன்றைய அரசியலில் வழங்கும் ‘இடதுசாரி’ என்னும் சொல் 1789இல் பிரான்சின் தேசியப் பேரவையில் பிறந்தது. பேரவை நிறைவேற்றும் சட்டத்தைத் தள்ளிவிடும் அதிகாரம் மன்னருக்கு வேண்டும் என்றவர்கள் தலைவரின் வலப்பக்கத்திலும், கூடாது என்றவர்கள் இடப்பக்கத்திலும் அமர்ந்தனர். இருக்கை வரிசையைக் குறித்த சொல் நாளடைவில் கொள்கையைக் குறிப்பதாயிற்று. ஆனால் கல்வராயன் மலைக்குத் தெற்கே வசிட்ட நதி பாயும் ஆத்தூர்ச் சமவெளிக்கு இடம், வலம் என்னும் பிரிவு பாரிசிலிருந்து வந்து சேர வேண்டிய ஒன்றாக இருக்கவில்லை. வாணகோவரையர்கள் ஆறகளூரைத் தலைநகராகக் கொண்டு மகதை மண்டலத்தை ஆண்ட 12, 13ஆம் நூற்றாண்டுகளிலேயே, தமிழகத்துச் சாதிகள் வலங்கை என்றும் இடங்கை என்றும் இரு பெரும் அணிகளாகப் பிரிந்திருந்தன.

வேளாண்மையைச் சார்ந்த குடிகள் பெரும்பாலும் வலங்கையிலும், கம்மாளர், கைக்கோளர், வணிகர் போன்ற தொழிற்குடிகள் பெரும்பாலும் இடங்கையிலும் அடங்கினர். இந்த இடங்கையை இன்றைய இடதுசாரியின் முன்னோடி என்று கொள்வது பிழை. அது சமத்துவம் கேட்ட அணியன்று, தனக்குரிய மதிப்பைக் கேட்ட அணி. அம்மதிப்பு எத்தகையது என்பதைக் கரூர்க் கல்வெட்டு ஒன்று காட்டுகிறது. நல்லது கெட்டதுகளில் இரட்டைச் சங்கு ஊதவும், பேரிகை கொட்டவும், வெளியே செல்லும்போது காலில் செருப்பு அணியவும், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசவும் கம்மாளருக்கு அரசன் உரிமை அளித்ததை அது தெரிவிக்கிறது. ஊருக்கெல்லாம் வீடு கட்டிய கைகள் தம் வீட்டுச் சுவரைப் பூசிக்கொள்ள அரச ஆணை வேண்டியிருந்தது என்பதே அக்காலச் சமூகத்தை விளக்கப் போதுமானது. எனினும் இரு கைகளும் தம்முள் மோதிக்கொண்டே இருந்தன. சென்னையில் 1652இலும் 1707இலும் நடந்த மோதல்களில் எந்தத் தெரு யாருக்கு, எந்த ஊர்வலம் எவ்வழியே என்பவையே வழக்காக நின்றன.

இந்த நெடும்பகையின் நடுவே 1429ஆம் ஆண்டு தனித்து நிற்கிறது. விசயநகர ஆட்சியின் அவ்வாண்டுக் கல்வெட்டுகள் ஆத்தூருக்குக் கிழக்கே எலவானாசூரிலும், தெற்கே பெரம்பலூர்ப் பக்கத்து ஆடுதுறையிலும், தொலைவில் தஞ்சைப் பகுதிக் கொறுக்கையிலும் கிடைத்துள்ளன. வலங்கையாரும் இடங்கையாரும் ஒன்றுகூடி, விளைச்சலுக்கு ஏற்ப அல்லாமல் வரம்பின்றி வாங்கப்பட்ட வரிகளை எதிர்த்ததையும், தாங்கள் ஒற்றுமையின்றி இருந்ததே இந்தக் கொடுமைக்கு இடமளித்தது என்று உணர்ந்ததையும், அதிகாரிகளுக்கும் நிலவுடைமையாளர்களுக்கும் துணைபோவதில்லை என்று முடிவுசெய்ததையும் அவை பதிவுசெய்கின்றன. இடதுசாரி அரசியலின் உட்பொருளைத் தமிழ் மண்ணில் தேடுவோர் இடங்கை என்னும் பெயரில் அன்று, இரு கைகளும் சேர்ந்த இந்த நிகழ்விலேயே அதைக் காண இயலும்.

நவீனப் பொருளிலான இடதுசாரி இயக்கம் தமிழகத்தில் 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் நடத்திய மே நாளோடு வெளிப்பட்டது. 1931இல் பெரியாரின் ‘குடிஅரசு’ ஏடு மார்க்ஸ், எங்கெல்சின் கம்யூனிஸ்ட் அறிக்கையைத் தமிழில் வெளியிடத் தொடங்கியது. சோவியத் நாட்டைப் பார்த்துத் திரும்பிய பெரியார் 1932இல் சிங்காரவேலரோடு சேர்ந்து சமதருமத்தை நோக்கமாகக் கொண்ட ஈரோட்டுத் திட்டத்தை வகுத்தார். சமதருமம், பொதுவுடைமை ஆகிய சொற்கள் இக்காலத்தில்தான் மேடைத் தமிழாயின. நாமக்கல் சமவெளியில் இக்கருத்து ஜமீன் மாளிகைக்குள்ளேயே புகுந்தது. 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த குமாரமங்கலம் ஜமீன்தார் ப. சுப்பராயனின் மகன் மோகன் குமாரமங்கலம், ஈட்டனிலும் கேம்பிரிட்ஜிலும் படித்துத் திரும்பிக் கம்யூனிஸ்டாகி, பி. ராமமூர்த்தியோடு சென்னைச் சதி வழக்கில் தண்டிக்கப்பட்டார். மகள் பார்வதி கிருஷ்ணன் பின்னாளில் கோவைத் தொழிலாளர்களின் தலைவராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கினார்.

இவ்வட்டாரத்தின் இடதுசாரி வரலாற்றில் மிகக் கொடிய நாள் 1950 பிப்ரவரி 11. மாகாணத்தில் கம்யூனிஸ்ட் கட்சி தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது. அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து 16 நாள்களே ஆகியிருந்த அன்று, சேலம் மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த கம்யூனிஸ்டுகள் மீது காவலர்கள் சுட்டதில் 22 பேர் இறந்தனர். அடுத்த மாதமே பம்பாய் இடதுசாரி வார ஏடான ‘கிராஸ் ரோட்ஸ்’ சென்னை மாகாணத்துக்குள் வரத் தடைவிதிக்கப்பட்டது. அத்தடையை மே 26 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கிய தீர்ப்பு, இந்தியாவின் கருத்துரிமை வழக்குகளுக்கெல்லாம் முதற்படியாக அமைந்தது.

இறந்தவர்களில் பெரும்பாலோர் மலபார் உழவர்கள். அவர்களுள் ஒருவரான தளியன் ராமன் நம்பியார், மலபாரின் காவும்பாயி ஊரில் புனம் பயிரிடும் உரிமைக்காக ஜமீனை எதிர்த்து நின்றவர். புனம் என்பது மலைச்சரிவில் காட்டைத் திருத்தி விதைக்கும் நிலம்; சங்கப் பாடல்களைப் படித்தவர்க்கும் கல்வராயன் மலைச்சரிவை அறிந்தவர்க்கும் அது புதிய செய்தியன்று. அந்த நிலத்துக்காகத் திரண்டவர்கள் மீது 1946 டிசம்பர் 30 அன்று போலீசார் சுட்டனர். அதன்பின் சிறைப்பட்ட நம்பியார் சேலத்தில் குண்டுபட்டு இறந்தபோது, அதே சிறையில் கைதியாக இருந்த அவர் மகன் ஈ.கே. நாராயணன் நம்பியார் அதைக் கண்ணெதிரே பார்த்தார்.