கொள்ளை ஈக்குப் படமே சாட்சியான கதை

திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் வேலியோரக் காய்ந்த குச்சிகளைக் கவனியுங்கள். உச்சி குழிந்த தலை, முகத்தில் அடர்ந்த மீசை, முள் முளைத்த கால்கள்: கொள்ளை ஈ காத்திருக்கும். பறக்கும் பூச்சியை அந்தரத்திலேயே பிடித்து, எச்சிலைச் செலுத்தி உள்ளுறுப்பைக் கரைத்து உறிஞ்சிவிடும். இரை திமிறினாலும் முகம் காயப்படாதபடி காப்பது அந்த மீசைதான். உலகில் 7,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. படத்தை வைத்து அவற்றில் ஒன்றின் பெயரைச் சொல்லும் வழக்கம் பிறந்தது அண்மையில்தான்.

முதலில் எல்லாம் ஊசியில் குத்திய உடல்தான். லின்னேயஸின் மாணவர் ஃபாப்ரீசியஸ் 1775இல் பெயரிட்ட ஈ ஒன்று, இன்று 'ப்ரோமேக்கஸ் மாக்குலேட்டஸ்' என்று இந்தியப் பட்டியலில் இருக்கிறது. இந்திய விலங்கியல் ஆய்வகத்துக்காக ஜோசஃபும் பருயியும் எழுதிய கொள்ளை ஈ நூலின் முதல் பகுதி 1998இல் வந்தது. அதுபோன்ற நூலைப் புரட்ட நுண்ணோக்கியும் செத்த ஈயும் வேண்டும். பல இனங்களைப் பிரிப்பதே ஆணின் இனப்பெருக்க உறுப்பின் வடிவம்தான்.

2008இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களின் முதுகலைத் திட்டமாக, உயிரினப் படங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளம் பிறந்தது. எங்கோ எடுத்த படத்தை எங்கோ இருக்கும் நிபுணர் பார்க்க வழி கிடைத்தது. மலேசியாவில் ஒருவர் எடுத்து இணையத்தில் போட்ட படத்திலிருந்து 2012இல் கண்ணாடி இறகுப் பூச்சியின் புதிய இனமே வெளிப்பட்டது. ஆனால் அதற்கும் பிறகு ஓர் உடலைப் பிடித்துத்தான் பெயர் வைத்தார்கள். 2015இல் ஈ ஆய்வாளர்கள் மார்ஷலும் ஈவன்ஹூயிஸும் கொள்ளை ஈயின் உறவான தென்னாப்பிரிக்க ஈ ஒன்றுக்குப் படங்களை மட்டும் வைத்தே பெயரிட்டார்கள். மறு வருடமே ஏறத்தாழ 500 வகைப்பாட்டியலாளர்கள் சேர்ந்து கையெழுத்திட்டு எதிர்த்தார்கள்.

எதிர்ப்பில் நியாயம் உண்டு. படம் பல நேரம் பேரினத்தோடு நின்றுவிடும். அதற்காகப் படம் வீண் என்று சொல்ல முடியாது. எந்த ஈ எந்த ஊரில் எந்த மாதம் பறக்கிறது என்பதை அருங்காட்சியகப் பெட்டியைவிட அதுதான் அதிகம் சொல்கிறது. ஆகவே, திருவள்ளூர்க்காரர்களே, ஒரே படத்தோடு விட்டுவிடாதீர்கள். முகம், பக்கவாட்டு, மேலிருந்து இறக்கை நரம்பு, வயிற்றின் நுனி: நான்கையும் எடுங்கள். இடத்தையும் தேதியையும் சேர்த்தே பதியுங்கள்.