தடியடி நடந்த சதுக்கமும் கேசட்டில் வந்த விளையாட்டும்

1989 என்றால் பெர்லின் சுவர் இடிந்தது என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவிய ஆசிரியர்களில் நானும் ஒருவன். அதே ஆண்டு செக்கோஸ்லோவாக்கியாவில் யாரோ எழுதிய ஒரு சின்ன கணினி விளையாட்டைப் பற்றி ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருபது ஆண்டு முன்னால் போக வேண்டும். 1968 ஆகஸ்டில் சோவியத் படைகள் நாட்டுக்குள் நுழைந்தன. 1969 ஜனவரி 16 அன்று யான் பலாக் என்ற 20 வயது மாணவர் பிராக் நகரின் வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் தீக்குளித்தார். மூன்றாம் நாள் இறந்தார். அவர் எழுதி வைத்த கோரிக்கைகள் இரண்டு: தணிக்கையை நீக்குங்கள், ஆக்கிரமிப்புப் படையினர் பரப்பும் செய்தித்தாளை நிறுத்துங்கள். இரண்டுமே பத்திரிகை பற்றியவை. நான் இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

1989-இல் அதே நாளில் அவரை நினைவுகூர மக்கள் அங்கே கூடினார்கள். தடியடி, கைது. நாடக ஆசிரியர் வாக்லாவ் ஹவேலும் அன்று பிடிபட்டார். நாளேடுகள் கட்சியின் கையில். அடிபட்டவன் தரப்பை அச்சடிக்க இடமில்லை.

அப்போதுதான் அந்த விளையாட்டு வந்தது. ஸ்பெக்ட்ரம் என்ற சின்ன வீட்டுக் கணினி, 48 கிலோபைட் நினைவகம். படம் கிடையாது, எழுத்து மட்டும். என்ன செய்ய வேண்டும் என்று கட்டளை கொடுத்தால் என்ன நடந்தது என்று திரையில் வரும். நாயகன் யார் தெரியுமா? ஹாலிவுட்டின் இந்தியானா ஜோன்ஸ்! ஃப்ரான்டிஷெக் ஃபுகா என்ற இளைஞர் அவரை வைத்து ஏற்கெனவே இப்படி விளையாட்டு எழுதியிருந்ததால் பையன்களுக்கெல்லாம் பழக்கமான ஆள். அவர் அந்த ஜனவரி 16 அன்று சதுக்கத்தில் மாட்டிக்கொள்கிறார். எப்படியாவது அமெரிக்கா திரும்ப வேண்டும். தப்பான பக்கம் கால் வைத்தால் போலீஸ் அடித்தே தீர்த்துவிடும். மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டும். சிரிப்பு வரும். ஆனால் செய்தித்தாள் சொல்லாததைத்தான் அந்தச் சாவுகள் சொல்லின.

இது ஒன்று மட்டுமல்ல. முந்தைய ஆண்டே மிரோஸ்லாவ் ஃபிட்லர் என்பவர் ‘ப்ரெஸ்தாவ்பா’ என்று ஒன்று எழுதினார். கோர்பசேவின் ‘பெரஸ்த்ரோய்கா’வுக்கான செக் சொல் அது. கட்சி ஓயாமல் உச்சரித்த அந்தச் சொல்லை எழுத்துக்கு எழுத்து புள்ளி வைத்துக் கேலித் தலைப்பாக்கிவிட்டார். அந்த ஆட்டத்தில் லெனின் சிலைக்கு வெடி வைக்கிறார்கள்.

அச்சகம் அரசிடம் இருந்தது. டேப் ரெக்கார்டர் வீட்டில் இருந்தது. ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பதிந்தால் போதும். போட்டுக் கேட்டால் கீச்சென்ற இரைச்சல்தான். கணினி சங்கங்கள் பெரும்பாலும் ராணுவத் துணை அமைப்பான ‘ஸ்வாசார்ம்’ நிழலில்தான் நடந்தன என்பது வேடிக்கை. அரசாங்க இடத்திலேயே சந்தித்து அரசாங்கத்தையே கேலி செய்யும் கேசட்டைக் கைமாற்றியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நவம்பரில் அதே சதுக்கத்தில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். டிசம்பர் 29 அன்று ஹவேல் குடியரசுத் தலைவரானார். இந்தியானா ஜோன்ஸ் விளையாட்டை எழுதியவர் அதில் தன் பெயரைப் போடவில்லை.