கிராஸ் நகரத்துக் கண்ணாடித் தொட்டி

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் எனக்கு அனுப்பும் படங்களில் பாதிக்கு மேல், கண்ணாடியில் ஒட்டிய ஏதோ ஒன்றுதான். "சார், இது என்ன? கொன்னுடலாமா?" விலங்கியல் வாத்தியாருக்கு ஓய்வு ஏது! முள்புழு என்றால், கல்லோடு வந்திருக்கும், மிச்சம் மீதியைத் தின்னும், வெறுங்கையால் தொடாதீர்கள் என்பேன். ஊசித்தலை அளவில், சாம்பல் நிறத்தில், ஓரம் நிலையில்லாமல் மாறிக்கொண்டே நகர்ந்தால் மட்டும், "துடைச்சுடாதீங்க" என்பேன்.

ஆஸ்திரியாவின் கிராஸ் கடலில்லாத ஊர். அங்கே பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிரான்ஸ் ஐல்ஹார்ட் ஷூல்ட்ஸே, திரியெஸ்தே கடலிலிருந்து வந்த சரக்கைத் தொட்டியில் வைத்திருந்தார். அதன் கண்ணாடியில் இந்த அழையா விருந்தாளி ஊர்ந்தது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலம். கனம் அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. வாய் இல்லை, குடல் இல்லை, தசை இல்லை, நரம்பு இல்லை. முன் எது, பின் எது என்பதும் இல்லை. பாசியின் மேல் படுத்து, அடிப்பக்கத்தாலேயே செரித்து உறிஞ்சிக்கொள்ளும். பெருக வேண்டுமானால், சப்பாத்தி மாவைப் பிய்ப்பதுபோல் இரண்டாகப் பிரிந்து போகும். 1883இல் அவர் வைத்த பெயர் டிரைக்கோபிளாக்ஸ் அட்ஹேரன்ஸ்.

ஷூல்ட்ஸே சாதாரண ஆளில்லை. பின்னாளில் 'இன்வெஸ்டிகேட்டர்' கப்பல் இந்தியக் கடல்களில் வாரிய கண்ணாடிக் கடற்பஞ்சுகளை ஆராய்ந்து எழுதியவர் அவர்தான். ஆனாலும் 1907இல் திலோ க்ரும்பாஹ் என்பவர், இது தனி விலங்கே இல்லை, எலூதேரியா என்ற குட்டி ஜெல்லியின் இளம்பருவம் என்று எழுதினார். பார்வைக்குப் பொருத்தமான வாதம்தான்: ஜெல்லியின் லார்வாவுக்கும் உடலெங்கும் நுண்மயிர் உண்டு, வாய் கிடையாது. ஆனால் லார்வா என்றால் அது வளர்ந்து வேறொன்றாக வேண்டாமா? இது பிரிந்து பிரிந்து தானாகவே இருந்தது. ஷூல்ட்ஸே ஒப்புக்கொள்ளவில்லை; 1921இல் இறந்தும் போனார். பாடப்புத்தகங்கள் க்ரும்பாஹ் பக்கம் சாய்ந்துவிட, கிட்டத்தட்ட அறுபது வருஷம் அந்தப் பிராணியை யாரும் சட்டை செய்யவில்லை. என்னைக் கேட்டால், தவறான ஊகத்தைவிட, அதைச் சரிபார்க்காமல் அச்சடித்தவர்கள் மீதுதான் எனக்குக் கோபம்.

அறுபதுகளின் கடைசியில் ட்யூபிங்கனில் கார்ல் கிரெல், செங்கடல் பாசியோடு வந்தவற்றை வளர்த்துப் பார்த்தார். முட்டை உருவாவதையும் கண்டார். முட்டையிடும் லார்வா ஏது? 1971இல் பிளாகோசோவா என்று புதிய தொகுதியே பிறந்தது. தொகுதி என்றால் சின்ன விஷயமில்லை. மீனும் தவளையும் நாமும் சேர்ந்தே ஒரு தொகுதிதான். 2008இல் இதன் மரபணுத்தொகை வெளியானபோது சுமார் 11,500 மரபணுக்கள் தெரிந்தன; நரம்பே இல்லாத உடலில், நரம்பு வேலைக்கான மரபணுக்களும் இருந்தன.

இதைப் பிடிப்பது சுலபம். நுண்ணோக்கிக் கண்ணாடிச் சில்லுகளைத் திறந்த பெட்டியில் அடுக்கித் தண்ணீருக்குள் ஒன்றிரண்டு வாரம் விட்டால், பாசி படரும். பின்னாலேயே இதுவும் வரும். ஆராய்ச்சியாளர்கள் கடலில் செய்வதும் இதைத்தான். எந்த இனம் என்று சொல்வதுதான் கஷ்டம். 2018இல் ஹாங்காங் பெயரில் பிரித்த ஹொய்லுங்கியா, தோற்றத்தில் அச்சு அசல் டிரைக்கோபிளாக்ஸ்; மரபணுவைப் படித்துத்தான் பிரித்தார்கள். அடுத்த ஆண்டு மத்தியதரைக் கடலில் கிடைத்த பாலிபிளாகோடோமாவுக்கு உடல் கிளைகிளையாக நீளும். அதை மட்டும் பார்த்த மாத்திரத்தில் வேறென்று சொல்லிவிடலாம்.