சாமி என்று கூப்பிட்டார்கள்

மகாபலிபுரம் போகிறவர்கள் என்ன செய்வார்கள்? கடற்கரைக் கோயிலைச் சுற்றிப் பார்ப்பார்கள். அர்ஜுனன் தபசு முன்னால் நின்று போட்டோ எடுப்பார்கள். வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கையால் தள்ளுகிற மாதிரி ஒரு போஸ். பிறகு வண்டியை மெட்ராஸ் பக்கம் திருப்பிவிடுவார்கள்.

அடுத்த முறை திருப்பாதீர்கள். அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னும் கொஞ்சம் தெற்கே போங்கள். கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்திலேயே சதுரங்கப்பட்டினம். வெள்ளைக்காரன் வாயில் அது சட்ராஸ். கடலைப் பார்த்தபடி ஒரு செங்கல் கோட்டை. டச்சுக்காரர்கள் கட்டியது. வாசலில் பீரங்கி. உள்ளே கிடங்குகள். ஒரு மூலையில் கல்லறைகள். கல் மேல் பூவேலையும் டச்சு எழுத்துமாக அத்தனை அழகு. இந்தப் பக்கத்து நெசவாளிகள் நெய்த மஸ்லின் துணி இங்கிருந்துதான் கப்பலேறியது.

நான் பி.காம். படித்தவன். எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தக் கோட்டைக்குப் போனாலும் ராஜா எங்கே படுத்தான் என்று தேடமாட்டோம். கணக்குப் பிள்ளை எங்கே உட்கார்ந்தான் என்றுதான் தேடுவோம். கோட்டைக்குள் சுற்றும்போதெல்லாம் எனக்கு அதே யோசனைதான். துணி ஒரு பத்தியில், மிளகு ஒரு பத்தியில். மனுஷனை எந்தப் பத்தியில் எழுதினார்கள்?

ஆமாம், மனுஷனும் சரக்குதான். 1602ல் ஆரம்பித்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தக் கரையில் முக்கியமான இடம் பழவேற்காடு. 1613ல் அங்கே கோட்டை எழுந்தது. பழைய செங்கல்பட்டு மாவட்டம் அந்தப் பொன்னேரிப் பக்கம் வரைக்கும் நீண்டு கிடந்தது என்பது பெரியவர்களுக்கு ஞாபகமிருக்கும். பஞ்சம் வந்த வருஷங்களில் பழவேற்காடு, தேவனாம்பட்டினம், நாகப்பட்டினம் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கில் தமிழர்களும் தெலுங்கர்களும் அடிமைகளாக வாங்கி அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலும் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு. ஒரு பகுதி மட்டும் மேற்கே போனது. ஆப்பிரிக்காவின் தென்கோடிக்கு.

1652ல் அதே கம்பெனி அங்கே ஒரு கடை விரித்தது. ஹாலந்திலிருந்து இந்தியாவுக்கு வரும் கப்பல்கள் தண்ணீரும் காய்கறியும் இறைச்சியும் ஏற்றிக்கொள்ள ஓர் இடைவழிச் சத்திரம். அதுதான் கேப் டவுன். சத்திரத்துக்கு வந்தவர்கள் மெல்ல மெல்ல வீட்டுக்காரர்கள் ஆனார்கள். நிலத்தைப் பிடித்தார்கள். ஏற்கெனவே அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர்களை விரட்டினார்கள். வேலை செய்ய ஆள் வேண்டுமே? கப்பல் கப்பலாக அடிமைகள். அந்த அடிமைகளுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள்: வங்கத்து இன்னார், மலபார் இன்னார், சோழமண்டலத்து இன்னார். அப்பன் பெயர் கிடையாது. ஊர்ப் பெயர்கூடக் கிடையாது. எந்தக் கரையில் வாங்கினார்களோ, அந்தக் கரைதான் இனிஷியல்!

இதில் ஒரு வேடிக்கை. கேப் குடியேற்றத்தின் முதல் கவர்னர் சைமன் வான் டெர் ஸ்டெல். அவருடைய தாய்வழிப் பாட்டி மோனிகா, இந்தியாவிலிருந்து போய் விடுதலை பெற்ற ஓர் அடிமைப் பெண். பேரன் 1679ல் ஓர் ஊரை உருவாக்கித் தன் பெயரையே வைத்தார். ஸ்டெல்லன்போஷ். பிற்பாடு நிறவெறிச் சட்டங்களை இயற்றிய தென்னாப்பிரிக்கப் பிரதமர்கள் மலான், ஃபெர்வூர்ட், ஃபோர்ஸ்டர் மூன்று பேரும் படித்த ஊர் அதுதான். இந்திய ரத்தம் ஓடிய ஒருவரின் பெயர் தாங்கிய ஊரில் உட்கார்ந்துதான் சுத்த ரத்தம் பற்றிப் பாடம் படித்தார்கள்.

சரி, கதை இப்போது கைமாறுகிறது. கேப் ஆங்கிலேயர்கள் கைக்குப் போனது. 1824ல் போட்ட ஒப்பந்தத்தின்படி இந்தியக் கரையில் டச்சுக்காரர்கள் வைத்திருந்த இடங்களும் ஆங்கிலேயர்களுக்கே. சதுரங்கப்பட்டினமும் அதில் அடக்கம். அடிமை முறையும் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் நேட்டாலில் கரும்பு போட்டிருந்தார்களே, அதை யார் வெட்டுவது? அங்கிருந்த ஸூலு மக்களுக்குச் சொந்தமாக மாடும் நிலமும் இருந்தது. வெள்ளைக்காரன் கொடுக்கிற காசுக்கு முதுகை வளைக்க அவர்கள் தயாராக இல்லை.

அதனால் மறுபடி நம் கரை. 1860 நவம்பர் 16ம் தேதி ட்ரூரோ என்ற கப்பல் டர்பனில் போய் நின்றது. மெட்ராஸிலிருந்து 342 பேர். 1911 வரை இப்படிப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பகுதி மெட்ராஸில் ஏறியவர்கள். வட ஆற்காட்டுக்காரர்களும் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்களும் அதில் கணிசம்.

இந்த முறை பேரேடு பிரமாதமாக எழுதப்பட்டது. எண், பெயர், அப்பன் பெயர், வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் இருக்கும் தழும்பு. எதையும் விடவில்லை. ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங். பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் உயர்வு.

போய் இறங்கியதும் அவர்களுக்கெல்லாம் ஒரே பெயர் வந்தது. கூலி.

இந்த ஆங்கில 'கூலி' எங்கிருந்து பிறந்தது என்பதில் அகராதிக்காரர்களுக்குள் சண்டை. குஜராத்தின் கோலி இனத்துப் பெயர் என்பது ஒரு கட்சி. நம்ம கூலிதான் என்பது இன்னொரு கட்சி. எப்படியோ போகட்டும். நமக்குக் கூலி என்றால் வேலைக்குக் கொடுக்கிற காசு. கௌரவமான சொல். அங்கே அது மனுஷனுக்குப் பெயர். வசவும் அதுதான். வியாபாரம் செய்தால் கூலி வியாபாரி. லண்டனில் சட்டம் படித்துவிட்டு வந்த காந்தி, கூலி பாரிஸ்டர்!

இன்னொரு பெயரும் இருந்தது. 'சாமி'. ராமசாமி, முனுசாமி, கோவிந்தசாமி என்று பெயர்கள் வரிசையாக வருவதைப் பார்த்தார்கள். வாலை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார்கள். 'ஏய் சாமி, இங்கே வா.' சாமி என்றால் எஜமான் என்று அர்த்தம் என்பதைக் காந்தி தன் சுயசரிதையில் மெனக்கெட்டு விளக்குகிறார். கூப்பிட்டவனுக்கு அந்த அர்த்தம் தெரியாது. கூப்பிடப்பட்டவனுக்குத் தெரியும். அந்த வலியை நினைத்துப் பாருங்கள்.

ஒப்பந்தம் முடிந்ததும் சிலர் அங்கேயே தங்கினார்கள். காய்கறி பயிரிட்டார்கள், கடை வைத்தார்கள். வெள்ளைக்காரனுக்குப் பொறுக்கவில்லை. வேலைக்கு ஆள் வேண்டும், அக்கம்பக்கத்துக்கு ஆள் வேண்டாம்! 1895ல் ஒரு சட்டம். தங்கினால் தலைக்கு வருஷம் மூன்று பவுன் வரி. கணக்குப் போடுவோமா? மூன்று பவுன் அறுபது ஷில்லிங். பத்து ஷில்லிங் சம்பளக்காரனுக்கு ஆறு மாத உழைப்பு. ஒன்று, மறுபடி ஒப்பந்தத்தில் கைநாட்டு வை. இல்லையா, கப்பலேறு. இதுதான் அந்த வரியின் அர்த்தம்.

1897ல் இன்னொரு சட்டம். நேட்டாலுக்குள் புதிதாக நுழைய ஐரோப்பிய மொழி ஒன்றில் எழுதத் தெரிய வேண்டும். நிறம் என்ற வார்த்தையே சட்டத்தில் கிடையாது. ஆனால் வேலை அதுதான். இந்த சாமர்த்தியம் ஆஸ்திரேலியாவுக்கு ரொம்பப் பிடித்துப்போய், 1901ல் அதுவும் ஒரு மொழிப் பரீட்சை வைத்துக்கொண்டது. 1958 வரை அந்தப் பரீட்சை நடந்தது.

1910ல் தென்னாப்பிரிக்கா ஒரே நாடானது. எப்படி? எட்டு வருஷம் முன்புவரை ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த ஆங்கிலேயர்களும் டச்சு வம்சாவளிக்காரர்களும் கைகுலுக்கிக்கொண்டார்கள். இரண்டு வந்தேறிகள் சேர்ந்து, 'இனி நாம்தான் இந்த நாடு' என்றார்கள். மண்ணின் மைந்தர்களுக்கு அதில் இடமில்லை. நம்மவர்களுக்கும் இல்லை.

பதில் 1913ல் வந்தது. சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். தமிழ்ப் பெண்கள் எல்லை தாண்டிப் போய்ச் சுரங்கத் தொழிலாளர்களைக் கிளப்பினார்கள். சிறைக்குப் போய் நோயோடு திரும்பிய தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் இறந்துபோனாள். வயசு பதினாறு. அந்த வருஷம் மூன்று பவுன் வரி ஒழிந்தது.

வரி ஒழிந்தது, பத்தி ஒழியவில்லை. 1950ல் நாட்டிலுள்ள ஒவ்வொருவரையும் இன வாரியாகப் பதிவு செய்யச் சட்டம் போட்டார்கள். சந்தேகம் வந்தால் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்ப்பார்கள். விழுந்தால் வெள்ளை, நின்றால் வேறு. இந்தியர்களை ஊருக்கே திருப்பி அனுப்புவதுதான் 1961 வரை அரசாங்கக் கொள்கை. அந்த வருஷம்தான் 'சரி, இவர்களும் இந்த நாட்டு நிரந்தரக் குடிகள்தான்' என்று ஒப்புக்கொண்டார்கள். ட்ரூரோ போய் நின்று நூற்றியொரு வருஷம் கழித்து! முதலியார் அதற்குள் மூட்லி ஆகியிருந்தார். பிள்ளை, பிள்ளேய் ஆகியிருந்தார். பலர் வீட்டில் தமிழ் காவடிப் பாட்டோடு நின்றுவிட்டிருந்தது.

இத்தோடு முடித்தால் நமக்குச் சௌகரியம். அடி வாங்கிய கதை சொல்ல யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் பேரேட்டில் வரவை மட்டும் எழுதக் கூடாது.

1949 ஜனவரியில் டர்பனில் ஓர் இந்தியக் கடைக்காரர் ஓர் ஆப்பிரிக்கச் சிறுவனை அடித்ததில் கலவரம் வெடித்தது. 142 பேர் செத்தார்கள், இரண்டு தரப்பிலும். இத்தனைக்கும் இரண்டு வருஷம் முன்பு டாக்டர் மான்ட்டி நாயக்கர் போன்றவர்கள் ஆப்பிரிக்கத் தலைவர்களோடு சேர்ந்து போராட ஒப்பந்தமே போட்டிருந்தார்கள். 1994ல் மண்டேலா வந்தார். 1996 அரசியல் சட்டம், மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளின் பட்டியலில் தமிழையும் சேர்த்தது. எவ்வளவு பெரிய மனசு! ஆனால் 2021 ஜூலையில் கொள்ளையும் கலவரமும் பரவியபோது, இந்தியர்கள் நிறைந்த ஃபீனிக்ஸ் பகுதியில் தெருக்காவல் நின்றவர்கள் கறுப்பு முகத்தைக் கண்டாலே நிறுத்தினார்கள். அங்கே செத்தவர்கள் 36 பேர். பெரும்பாலோர் கறுப்பர்கள். நேற்று கூலி என்று கூப்பிடப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளில் சிலர் கையில் அன்று துப்பாக்கி இருந்தது.

'அது தென்னாப்பிரிக்கா சார், நமக்கென்ன' என்கிறீர்களா? மகாபலிபுரத்திலிருந்து திரும்பும்போது செங்கல்பட்டு வழியாக வாருங்கள். மறைமலை நகர் பக்கம் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் ஒரு டீக்கடையில் நில்லுங்கள். ஒடிசா, பீகார், ஜார்கண்ட், வங்கம் என்று நாலு மொழி காதில் விழும். அவர்கள் இல்லாமல் இங்கே ஒரு கட்டடம் எழும்பாது. ஆனால் நமக்கு அவர்கள் எல்லாரும் ஒரே ஆள். ஒடிசாக்காரனும் வடக்கன்தான், ஹிந்தியே தெரியாத வங்காளியும் ஹிந்திக்காரன்தான்.

போன மாதம் அப்படி ஒரு கடையில் நின்றேன். எனக்கு முன்னால் இருபது வயசுப் பையன் ஒருவன். கையில் சில்லறையை வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து ஒருவர், 'ஏய் பையா, தள்ளி நில்லு' என்றார். அவனும் தள்ளி நின்றான்.

பையா என்றால் அவர்கள் மொழியில் அண்ணன். கூப்பிட்டவருக்கு அது தெரியுமோ என்னவோ. பையனுக்குத் தெரியும்.