ஓனோ வாத்தியாரும் நம்ம ஊர் பொங்கலும்

தை பொறந்தா போதும், "ஜப்பான்லயும் பொங்கல் கொண்டாடுறாங்க, அவங்களும் பொங்கலோ பொங்கல்னுதான் கத்துறாங்க, தமிழன்டா!" அப்படின்னு ஒரு செய்தி கிளம்பிடும். முன்னாடி ஃபார்வர்டு மெயில்ல வந்துச்சு, இப்ப வாட்ஸப்புல வருது. இந்தப் பொங்கலுக்கு எங்க கண்டாச்சிபுரத்துச் சொந்தக்காரங்க குழுவுல மட்டும் நாலு பேரு அனுப்பிட்டாங்க. இதுல எவ்வளவு நிஜம், எவ்வளவு சரடுன்னு உட்கார்ந்து எழுதிடலாம்னு தோணிச்சு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க மக்களே.

இந்தச் செய்திக்கெல்லாம் மூலம் ஒரே ஒரு வாத்தியார். பேரு சுசுமு ஓனோ. 1919ல் தோக்கியோவில் பிறந்தவர். தோக்கியோ காக்குஷுயின் பல்கலைக்கழகத்துல ஜப்பானிய மொழிப் பேராசிரியர். சாதாரண ஆள் இல்லைங்க. பழைய ஜப்பானிய மொழிக்கு இன்னைக்கும் எல்லாரும் புரட்டுற ஒரு அகராதி 1974ல் வந்துச்சே, அதைத் தொகுத்தவர்கள்ல முக்கியமானவர். 1999ல், எண்பது வயசு வாக்குல, ஜப்பானிய மொழிப் பயிற்சிக்குன்னு எழுதின ஒரு சின்னப் புத்தகம் பத்து லட்சம் பிரதிக்கு மேல வித்துது. 2008 ஜூலையில் காலமானார்.

தன்னோட மொழி எங்கிருந்து வந்துச்சுன்னு தேடி அலைஞ்சவர், அறுபது வயசு கிட்ட நெருங்கும்போது தமிழைப் பிடிச்சார். அறுபதுல நாம ஓய்வூதியப் படிவத்தை நிரப்பிக்கிட்டு இருப்போம், இவர் அ, ஆ எழுதிப் பழகினார். 1980லிருந்து வரிசையா நூல்கள், கட்டுரைகள். அவருக்குத் துணையா நின்னவங்கள்ல சென்னையில் பொற்கோ (பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனவர்), யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அ. சண்முகதாஸ், அவர் துணைவியார் மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோர் முக்கியமானவங்க. சண்முகதாஸ் தம்பதி காக்குஷுயினுக்கே போய் ஓனோவோட வேலை செஞ்சாங்க. மனோன்மணி அம்மா, எட்டாம் நூற்றாண்டுல தொகுக்கப்பட்ட மன்யோஷுவின் காதல் பாடல்களைத் தமிழுக்குக் கொண்டு வந்தார். அகநானூறு படிச்சவங்களுக்கு அந்த உலகம் ரொம்ப அந்நியமா இருக்காது.

ஓனோ சொற்பட்டியலோட நிக்கல. 1980களின் தொடக்கத்துல தமிழ்நாட்டுக்கு வந்து, கிராமத்துப் பொங்கலை நேர்ல பார்த்தார். பார்த்துட்டு, "எங்க ஊர்லயும் இது இருக்கே!"ன்னு அசந்து போனார்.

அவர் அசந்ததுல நியாயம் இருக்கு. ஜப்பான்ல ஜனவரி 1 பெரிய புத்தாண்டு. அது போக, 15ஆம் தேதியை ஒட்டி ஒரு 'சின்னப் புத்தாண்டு' உண்டு. கொஷோகட்சும்பாங்க. பெரிய புத்தாண்டு அரண்மனைக்கும் ஊர்ப் பெரியவங்களுக்கும்னா, இது குடியானவன் பண்டிகை. இதுல என்னென்ன செய்வாங்கன்னு பாருங்க:

14, 15ஆம் தேதி வாக்குல புத்தாண்டுக்குக் கட்டின வைக்கோல் கயிறு, மூங்கில், பைன் அலங்காரம் எல்லாத்தையும் வெட்டவெளியில குவிச்சுக் கொளுத்துவாங்க. தொண்டோ யாகின்னு பேரு. அந்த நெருப்புல அரிசிக் கொழுக்கட்டை (மொச்சி) சுட்டுத் தின்னா நோய் வராதுன்னு நம்பிக்கை. நம்ம போகி கண்ணு முன்னாடி வருதா?

15ஆம் தேதி காலையில சிவப்புப் பயறு போட்ட அரிசிக் கஞ்சி. அஸுகி கயும்பாங்க. கயுன்னா கஞ்சி. உடனே "பாத்தியா!"ன்னு குதிக்காதீங்க, அதுக்கு அப்புறம் வர்றேன். இந்தக் கஞ்சி வழக்கம் ஆயிரம் வருஷத்துப் பழசு. அந்தக் காலத்து அரண்மனைப் பெண் சேய் ஷோனகோன் எழுதின குறிப்புகள்ல, கஞ்சி கிண்டின குச்சியை ஒளிச்சு வச்சுக்கிட்டு, பொண்ணுங்க ஒருத்தரை ஒருத்தர் பின்னாடி போய் அடிச்சு விளையாடுற காட்சி வருது. அடி வாங்கினா ஆம்பளைப் பிள்ளை பொறக்குமாம்.

பழ மரத்துக்கிட்ட ஒருத்தர் கோடாலியோட போய் "காய்க்கிறியா இல்லையா? இல்லேன்னா வெட்டிப்புடுவேன்"னு மிரட்டுவாரு. இன்னொருத்தர் மரத்துக்குப் பதிலா "காய்க்கிறேன் சாமி"ன்னு சொல்லுவாரு. அப்புறம் மரத்துக்குக் கஞ்சி ஊத்துவாங்க. (எங்க ஆயா, காய்க்காத முருங்கைக்கு விளக்கமாத்தைக் கட்டித் தொங்க விட்டு திட்டுவாங்க. அதே ரகம்.) வடகிழக்குப் பகுதிகள்ல காக்காவைக் கூப்பிட்டு மொச்சி போடுற வழக்கமும் உண்டு.

எல்லாத்துக்கும் மேல அந்தக் கூவல். வடக்கு ஜப்பான் கிராமங்கள்ல தவிடும் உமியும் தூவிக்கிட்டே "ஹொங்கா, ஹொங்கா"ங்கிற மாதிரி கத்திக்கிட்டு வீட்டைச் சுத்துற வழக்கம் உண்டு. ஜப்பானிய மொழியில இப்ப 'ஹ' இருக்குற இடத்துல ரொம்பக் காலத்துக்கு முன்னாடி 'ப' இருந்துச்சு. இது ஓனோவோட கற்பனை இல்லை, மொழியியலாளர்கள் எல்லாரும் ஒத்துக்குற விஷயம். நிப்போன், நிஹோன்னு அந்த நாட்டுக்கே ரெண்டு பேரு இருக்கே, அதுல கூட இதோட தடயம் உண்டு. அப்ப ஹொங்காவைப் பின்னாடி தள்ளினா பொங்கா. ஓனோ சும்மா இருப்பாரா?

சொற்கள்லயும் இதே வழியில போனார். வயலுக்கு அவங்க தம்போ, நம்ம பழைய சொல் தம்பல். தோட்டக்காட்டுக்கு அவங்க ஹதாகே, முன்னே பதாகே, நம்ம பக்கம் படுகர். இப்படி நூத்துக்கணக்கான இணைகள். 'எந்த எழுத்துக்கு எந்த எழுத்து'ன்னு வாய்ப்பாடும் போட்டார். இதைச் சும்மா ஒதுக்கித் தள்ள முடியாது. சீனத்துல 'நீ'ன்னா நீ. கொரியாவில் அப்பான்னா அப்பா. தனித்தனிச் சொல் ஒத்துப் போறது உலகம் பூரா நடக்கும், கயுவும் கஞ்சியும் அந்த வகையாவே இருக்கலாம். வரிசையா, விதிப்படி ஒத்துப் போகணும். அந்த விதியைக் காட்டத்தான் ஓனோ பாடுபட்டார்.

காட்டிட்டாரா? பெரும்பாலான மொழியியலாளர்கள் இல்லைன்னுதான் சொல்றாங்க. ஜப்பான்லயே கடுமையான எதிர்ப்பு. செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவலபில் 1985ல் இந்தக் கருதுகோளைப் பத்தித் தனிக் கட்டுரையே எழுதினார். ஓனோவும் பின்னாடி 'ஒரே தாய் மொழியிலிருந்து பிறந்தவை'ங்கிற இடத்திலிருந்து நகர்ந்து, 'நெல், இரும்போடு தமிழ் பேசினவங்க போய்க் கலந்ததுல உண்டான கலப்பு மொழி'ங்கிற இடத்துக்கு வந்துட்டார். ஆனா ஜப்பானுக்கு நெல் கொரியா வழியா வந்ததுன்னுதான் தொல்லியல்காரங்க சொல்றாங்க.

மொழியை அவங்களே பார்த்துக்கட்டும். எனக்குக் குடைச்சல் கொடுத்தது தேதி. ஜனவரி 14, 15. ரெண்டு நாட்டுலயும் அதே நாள். இது எப்படி?

ஜப்பான் 1873 ஜனவரி 1 அன்னைக்குத்தான் ஆங்கில நாட்காட்டிக்கு மாறிச்சு. அதுக்கு முன்னாடி அவங்களோடது நிலாக் கணக்கு. முதல் மாசம் 15ஆம் நாள்னா புது வருஷத்தோட முதல் பௌர்ணமி. சின்னப் புத்தாண்டு உண்மையில ஒரு பௌர்ணமித் திருவிழா! பழைய கணக்குல அது பிப்ரவரி முதல் வாரத்திலிருந்து மார்ச் முதல் வாரத்துக்குள்ள வரும். நாட்காட்டி மாறினதும் '15'ங்கிற எண்ணை மட்டும் தூக்கி ஜனவரியில வச்சுட்டாங்க. நிலா கழண்டு போச்சு.

நம்ம பொங்கலோ சூரியக் கணக்கு. சூரியன் மகரத்துல நுழையிற நாள். அதுவும் நிலையா இல்லை, ஏறக்குறைய எழுபது வருஷத்துக்கு ஒரு நாள் தள்ளிப் போயிக்கிட்டே இருக்கு. ஜப்பான் நாட்காட்டி மாறின 1873ல் நமக்குத் தை பிறந்தது ஜனவரி 12 வாக்குல. ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முன்னாடி டிசம்பர் 21, 22. ஆக, ரெண்டு பண்டிகையும் ஒரே தேதியில வந்து நிக்கிறது கடந்த நூறு வருஷத்துக் கதை. மெய்ஜி அரசாங்கத்து உத்தரவும் வானத்துச் சுழற்சியும் சேர்ந்து செஞ்ச வேலை. காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைன்னு சொல்லலாம், காக்காவும் இதுல இருக்கே :)

பழைய கணக்குப்படி பார்த்தா அவங்க சின்னப் புத்தாண்டுக்கு நேரா வர்றது நம்ம தைப்பூசமோ மாசி மகமோதான். 2023ல் அந்த முதல் பௌர்ணமி பிப்ரவரி 5, அன்னைக்குத் தைப்பூசம். 2024ல் பிப்ரவரி 24, அன்னைக்கு மாசி மகம். நம்ம மயிலம் முருகரும் திண்டிவனத்துப் பெருமாளும் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடலுக்குத் தீர்த்தவாரிக்குப் போற நாள். ஒப்பிடணும்னா அதையில்ல ஒப்பிட்டிருக்கணும்!

நம்ம பக்கத்துக் கணக்கும் அவ்வளவு நேரா இல்லை. சங்கப் பாட்டுல தை நீராடல் இருக்கு. பொங்கல்ங்கிற சொல் சிலப்பதிகாரத்துல இந்திர விழாப் படையல்ல வருது, ஆனா அது சித்திரை விழா. இன்னைக்கு நாம வைக்கிற பொங்கலை அப்படியே ரெண்டாயிரத்து ஐநூறு வருஷம் பின்னாடி கொண்டு போய்க் கப்பலேத்தி ஜப்பானுக்கு அனுப்ப முடியாது.

அப்ப ஓனோ பார்த்தது எல்லாம் வீணா? நான் அப்படி நினைக்கல. பழசைக் கொளுத்துறது, புது அரிசியைப் பொங்க வைக்கிறது, மரத்தோடயும் மாட்டோடயும் காக்காவோடயும் பேசுறது... நெல்லை நம்பி வாழ்ற எந்த ஊரும் இப்படித்தான் யோசிக்கும். உறவு இல்லாமலேயே ஒண்ணு போல இருக்கிறது எனக்கென்னவோ உறவை விட ஆச்சரியமா இருக்கு.

இன்னொரு விஷயமும் உறுத்துது. ஓனோ ஜப்பான் பக்கத்து வழக்கங்களுக்கு அலைய வேண்டிய தேவை அதிகம் இல்லை. யனகிதா குனியோன்னு (1875-1962) ஒரு மனுஷர், அவர் வழியில வந்தவங்க, எந்த ஊர்ல எந்த நாள் என்ன செய்வாங்க, என்ன கத்துவாங்கன்னு ஊர் ஊரா எழுதி வச்சிருந்தாங்க. அதுக்கும் முன்னாடி 1890ல் மட்சுவே ஊருக்கு இங்கிலீஷ் வாத்தியாரா வந்த லாஃப்காடியோ ஹெர்ன், போற வழியில ஒரு கிராமத்துல பார்த்த போன் பண்டிகை நடனத்தைப் பக்கம் பக்கமா எழுதினார். செத்தவங்க வீட்டுக்கு வந்துட்டுப் போற நாட்கள் அவை, முடிவுல தண்ணியில விளக்கு விடுவாங்க. கிரேக்கத் தீவுல பிறந்து, அயர்லாந்துல வளர்ந்து, கொய்சுமி யகுமோன்னு பேரை மாத்திக்கிட்டு ஜப்பான்காரராவே 1904ல் செத்தார். கோடை விடுமுறைக்கு யாய்சு கடற்கரையில ஒரு மீன் வியாபாரி வீட்டு மாடியில போய்த் தங்குவார். அங்க பார்த்ததையும் விடாம எழுதினார்.

நம்ம பக்கம்? தை அஞ்சாம் நாள் ஆத்துத் திருவிழா இருக்கே, தென்பெண்ணைக் கரை பூரா, மணலூர்பேட்டை, அரகண்டநல்லூர்னு. சுத்துப்பட்டுச் சாமி எல்லாம் ஆத்துக்கு வந்து குளிச்சுட்டுப் போகும். திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையாரே மணலூர்பேட்டைக்கு வருவார். மணல்ல கடை, ராட்டினம், கரும்பு, அந்தச் சிறுவள்ளிக் கிழங்கு. விழுப்புரம், கடலூர் பக்கம் தாண்டினா இப்படி ஒரு திருவிழாவா உங்களுக்குன்னு கேக்குறாங்க. மதுரை நண்பர் ஒருத்தர் பொங்கல் நாலு நாளோட முடிஞ்சுடும்னு என்கிட்ட சண்டையே போட்டார். கரிநாள் முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு வர்ற இந்த நாளுக்கு ஜப்பான் பட்டியல்ல ஜோடி கிடையாது. ஜோடி இல்லாததாலேயே ஃபார்வர்டு செய்தியிலும் இடம் கிடையாது.

எங்க ஆயாவுக்கு எந்தச் சாமி எந்த வழியா ஆத்துக்கு வரும், எது முதல்ல இறங்கும்னு அத்தனையும் மனப்பாடம். அவங்க இருந்தப்பவே நான் கேட்டு எழுதின ஒரு நோட்டுல பதினொரு ஊர்ச் சாமி இருக்கு. இப்ப அதுல மூணு சாமி வர்றதில்லை. ஏன் நின்னுச்சுன்னு ஊர்ல கேட்டா மூணு பேரு மூணு கதை சொல்றாங்க.

அடுத்த தைக்கு ஜப்பான் செய்தி மறுபடி வரும். அதை அனுப்புறவங்க அனுப்பட்டும். நீங்க உங்க ஊர்ல போகிக்கு என்ன கொளுத்துவாங்க, பொங்கும்போது என்ன கத்துவாங்க, எந்த நாள் எந்தச் சாமி எங்க போகும்னு ஊர்ப் பேரும் வருஷமும் போட்டு ஒரு பக்கம் எழுதி வைங்க. நான் அந்தப் பதினொரு ஊர்லருந்து ஆரம்பிக்கிறேன்.