படுக்கையோரம் ஒரு ஸ்டூல்

"ஏனுங்க தம்பி, நாளைக்கும் வருவீங்களா?"

சிங்காநல்லூர்ப் பக்கம், ஓய்வுபெற்ற மில் தொழிலாளி ஒருவர் கேட்ட கேள்வி இது. அவருக்குத் தொண்டையில் புற்றுநோய். எங்கள் சபைக் குழுவோடு நான் போன முதல் வீடு அது. மருந்து கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை. "கட்டாயம் வர்றேனுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட சரித்திரமே இருக்கிறது என்பது பிறகு படித்தபோதுதான் தெரிந்தது.

நம் கோவைக்கும் அதில் பங்கு உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் பிளேக் இந்த ஊரைத் திரும்பத் திரும்பத் தாக்கியது. எலி செத்து விழுந்தால் போதும். ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே குடிசை போட்டுத் தங்கினார்கள். இன்றும் நிற்கும் பிளேக் மாரியம்மன் கோவில்களே சாட்சி. பயந்து ஓடியது குற்றமல்ல. ஆனால் எழுந்து ஓட முடியாதவருக்கு யார் துணை?

இதே கேள்வியைத்தான் வேறு ஊர்களில் திருச்சபையினரும் எதிர்கொண்டார்கள். 1879-இல் டப்ளினில் அயர்லாந்துக் கன்னியர் இறக்கும் தறுவாயில் உள்ளவர்களுக்கென ஓர் இல்லம் திறந்தார்கள். 1893-இல் லண்டன் மெதடிஸ்ட் மிஷன், ஏழை நோயாளிகளுக்காக செயின்ட் லூக்ஸ் இல்லத்தைத் தொடங்கியது.

1948-இல் சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவ சமூக சேவகி, புற்றுநோயில் இறந்துகொண்டிருந்த போலந்து யூத அகதி ஒருவரை அடிக்கடி பார்த்து வந்தார். அவர் இறக்கும்போது, இனி நீ கட்டப்போகும் இல்லத்தில் இது ஒரு ஜன்னலாக இருக்கட்டும் என்று 500 பவுண்டு விட்டுச் சென்றார். சாண்டர்ஸ் அதன்பின் செயின்ட் லூக்ஸில் மாலை நேரத் தொண்டராகச் சேர்ந்தார். வலி வந்து கதறும்வரை காத்திராமல், வேளை தவறாது மார்ஃபின் கொடுப்பதை அங்கேதான் கண்டார். டாக்டருக்குப் படித்து, 19 ஆண்டு கழித்து, 1967-இல் செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் இல்லத்தைத் திறந்தார். சம்பளமில்லாத அந்த மாலைகள்தான் எல்லாவற்றுக்கும் வித்து!

இந்தியாவில் 1952-இல் அன்னை தெரசா காளிகாட்டில் நிர்மல் ஹிருதயைத் திறந்தார். 1986-இல் பம்பாயில் சாந்தி அவேதனா சதன் வந்தது. ஆனால் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மார்ஃபின் கிடைப்பதே அரிதாயிற்று. உலகுக்கே மருந்துக்கான அபின் விளைவித்த நாட்டில் நம்மவர் வலியில் துடித்தார்கள். 2014-இல்தான் சட்டம் திருத்தப்பட்டது.

இதற்கிடையே, பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் கோழிக்கோட்டில் 1993-இல் டாக்டர்கள் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய பணி மக்கள் இயக்கமாயிற்று. மாணவர், கடைக்காரர், இல்லத்தரசி என்று சாதி மத பேதமில்லாமல் வீடு வீடாகப் போனார்கள். 2008-இல் கேரள அரசு அதையே தன் கொள்கையாக்கியது.

மருந்தும் ஊசியும் டாக்டர், நர்ஸ் பொறுப்பு. தொண்டருக்கு உள்ள வேலை சின்னது: புரட்டிப் படுக்க வைக்க உதவுவது, வீட்டுக்காரர் இரண்டு மணி நேரம் தூங்க வழிசெய்வது, சொல்வதைக் கேட்பது. பிரசங்கம் வேண்டாம். அவர் கேட்டால் மட்டும் ஜெபம்.

சரி, அந்தப் பெரியவர்? மறுநாள் நான் போகவில்லை. நான்கு நாள் கழித்துத்தான் போனேன். அவர் கோபிக்கவில்லை. "வாசலையே பாத்துட்டு இருந்தாருங்க" என்றார் அவர் சம்சாரம். அன்றிலிருந்து, போக முடியாத நாளுக்கு வாக்குக் கொடுப்பதில்லை.

மாணவத் தம்பி தங்கைகளே, வாரத்தில் ஒரு மாலை போதும். ஆனால் சொன்ன மாலைக்குப் போய்விடுங்கள். படுக்கையோரம் அந்த ஸ்டூல் காத்திருக்கிறது.