ஆயிரம் ரூபாய்க்கு முன்னால் ஒரு அரைப்படி

பதினைந்தாம் தேதி பூதலூரில் ஏடிஎம் வாசலில் நிற்கிற பெண்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள். 2023 செப்டம்பர் 15 முதல் வருகிற மகளிர் உரிமைத் தொகையை எடுக்க வந்திருப்பார்கள். "ஆயிரம் ரூபாயில் வறுமை போய்விடுமா?" என்று நக்கலாகக் கேட்கிறவர்கள் நம் வட்டாரத்தின் கூலி வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம்.

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் கூலி நெல்லாகத்தான் வந்தது. களமும் ஆண்டையுடையது, அளக்கிற மரக்காலும் ஆண்டையுடையது. பண்ணையாள் தனியாளாகப் பண்ணைக்குப் போகவில்லை. பெண்டாட்டி சாணி அள்ளினாள், பிள்ளை மாடு மேய்த்தது. பள்ளிக்கூடம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. பி. சீனிவாசராவ் போன்றவர்கள் கட்டிய இயக்கத்தால் 1944இல் ஏற்பட்ட ஒப்பந்தம்தான் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் முதலில் தடை போட்டது. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். அந்தப் போராட்டத்தின் கோரிக்கை, கூலியில் அரைப்படி நெல் கூடுதல். அந்த அரைப்படி யார் வயிற்றுக்குப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. ஆனால் எந்தக் கூலியும் பிள்ளைகளை எண்ணுவதில்லை. வீட்டில் ஒரு பிள்ளை இருந்தாலும் நான்கு இருந்தாலும் ஒரே கூலிதான். மழை பொய்த்தால் அதுவும் இல்லை. இங்கிலாந்தில் எலினார் ராத்போன் இதைத்தான் இருபது ஆண்டுகளுக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தார். 1945இல் அங்கே குடும்பப் படிச் சட்டம் வந்தபோது பணத்தைத் தகப்பன் பெயரில் கொடுக்கப் பார்த்தார்கள். அவர் சண்டை போட்டுத் தாயின் கைக்கு மாற்றினார். இரண்டாவது பிள்ளையிலிருந்து தலைக்கு வாரம் 5 ஷில்லிங்.

நம்மிடம் முதலில் வந்தது பணமல்ல, சோறு. எம்.ஜி.ஆரின் சத்துணவு 1982 ஜூலை 1 அன்று பக்கத்துத் திருச்சி பாப்பாக்குறிச்சியில்தான் தொடங்கியது. காசாக வந்தது 1987இல், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி: 300 ரூபாய். இன்று அது பெட்டகத்தோடு சேர்த்து 18,000. பேறுகாலத்தில் வயலுக்கு ஓடாமல் சில வாரம் வீட்டில் படுத்திருக்க முடிகிற தொகை.

மாதச் சம்பளக்காரர்களுக்கு இதே உதவி சத்தமில்லாமல் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தது. வருமான வரிச் சட்டத்தில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்குக் கழிவு உண்டு. அதை யாரும் இலவசம் என்று சொன்னதில்லை. வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத நடவுக்காரிக்கு அதில் ஒரு பைசா கிடையாது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். பிள்ளைகளுக்கான வரிச் சலுகை அங்கே மிக ஏழைகளுக்கு முழுதாகக் கிடைக்காது. விடுபட்டவர்களில் கறுப்பினப் பிள்ளைகள் அதிகம். 2021இல் மட்டும் அந்த நிபந்தனையை எடுத்தார்கள். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாதம் 300 டாலர், பெரிய பிள்ளைக்கு 250. அரசு உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் அளவீட்டில் குழந்தை வறுமை 9.7 சதவீதத்திலிருந்து 5.2க்கு இறங்கியது. அடுத்த ஆண்டு நிறுத்தினார்கள், 12.4க்கு ஏறியது. சோம்பேறித்தனம், பொறுப்பின்மை என்று ஏழைகள் மீது சொல்லும் காரணங்கள் ஒரே வருடத்தில் இப்படி இறங்கி ஏறுமா?

ஆகவே நான் பார்ப்பது தொகையை மட்டுமல்ல, நிபந்தனையையும்தான். மகப்பேறு உதவிக்குத் தாய்க்கு 19 வயது ஆகியிருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவம் மட்டும். உரிமைத் தொகைக்கு 21 வயது. இளவயதுத் திருமணத்தைத் தடுக்கத்தான் வயது வரம்பு என்பார்கள். நோக்கத்தில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் கல்யாணம் செய்துகொண்டது பிறந்த குழந்தை அல்லவே?

பூதலூர்ப் பக்கம் நான் போய்வரும் ஒரு காலனியில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். பத்தாம் வகுப்போடு நின்றவள், புருஷன் திருப்பூரில். இரண்டு உதவிக்கும் அவள் பெயர் வராது. வீடு வீடாக நான் கணக்கெடுத்தபோது வாசலில் நின்று, "அக்கா, என் பேரையும் எழுதிக்குங்க" என்றாள். எழுதிக்கொண்டேன். இடுப்பில் இருந்த குழந்தைக்கு ஏழு மாதம்.